கண் வைத்த இழுதுமீன்

மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் வாசலில் நின்று, “எஸ்தர் டீச்சர் விடியக்காலம் போயிட்டாங்க” என்றார். டீச்சரிடம் அறிவியல் படித்தவர்களுக்கும், உடன் வேலை பார்த்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட எங்களுக்கும் அன்றைக்குக் கை ஓடவில்லை.

அறுபதுகளின் கடைசியில், அறிவியல் அறைக்கு மாதிரிகள் செய்ய டீச்சர் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்கே போனார். சுறா சரியாக வந்தது. ஜெல்லி மீன் என்கிற இழுதுமீனும் குடை உடம்போடு, தொங்கும் இழைகளோடு அழகாகத்தான் வந்தது. கூடவே இரண்டு கண்ணும் ஒரு வாலும்.

“மீனுன்னு சொன்னீங்களே டீச்சர், கண்ணு வெக்காம எப்படி சூளையில ஏத்தறது?” என்றார் பட்டறைக்காரர்.

“பேருதாங்க மீனு. முதுகெலும்பு கெடையாது, செவுள் கெடையாது. கடல்ல பவழம் இருக்குதில்ல, அதுக்குத்தான் இது சொந்தம்” என்று படம் போட்டுக் காட்டி, வேறொன்று செய்ய வைத்தார்.

அந்த வருஷம் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். எங்களைப் போலவே டீச்சருக்கும் அப்போது தற்காலிக வேலை. அது நிரந்தரமாவது அந்த மனிதர் கையில் இருந்தது. அவர் அலமாரியில் பவழத்தின் பக்கத்தில் இருந்த இழுதுமீனை எடுத்துச் சுறா பக்கத்தில் வைத்தார். “மீனெல்லாம் ஒரே வரிசையில இருக்கட்டும்மா.” விட்டுவிடச் சொல்லித் தலைமையாசிரியை கண் காட்டினார். நான் டீச்சர் சேலையைப் பிடித்தே இழுத்தேன். டீச்சர் அதைப் பவழத்தின் பக்கத்திலேயே திரும்ப வைத்தார்.

அதிகாரிக்கு முகம் சிவந்தது. கரும்பலகையில் காளான் படம் இருந்தது. “இதுல வேரு எங்க, காணோமே?”

பாடத்துக்காக மண்ணோடு பெயர்த்து வைத்திருந்த காளானை டீச்சர் ஒரு கிண்ணத் தண்ணீரில் இறக்கினார். மண் கரையக் கரைய வெள்ளை நூல்கள் விரிந்தன. “வேர் மாதிரி இருக்குது, வேர் இல்லீங்க. இந்த நூலுதான் காளானே. மேல நிக்கற குடை அது காய்க்கிற எடம்.”

அதிகாரி அடுத்த வகுப்புக்குப் போனார். நிரந்தர உத்தரவு எங்களுக்கெல்லாம் வந்து, கடைசியாகத்தான் டீச்சருக்கு வந்தது. “வரட்டும், இழுதுமீன் எடம் மாறலியே” என்றார். இப்படி ஒருத்தி எங்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

கண்ணும் வாலும் வைத்த அந்த முதல் இழுதுமீன் என் மேஜைமேல் இருக்கிறது. “மாதிரி வேற, நெசம் வேற. மறக்காம இருக்க வெச்சுக்க” என்று அவர் கொடுத்தது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அவருடைய உறவுக்காரர் ஒருவர் என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க டீச்சருக்குத் தங்கச்சி மாதிரின்னு சொன்னாங்க” என்றார்.

“மாதிரி இல்லீங்க,” என்றேன். “தங்கச்சி.”