சித்தப்பாவின் ஆட்டோமேட்டிக்

அப்பாவின் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் உரிமை எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே இருந்தது. காலையில் பல் தேய்த்ததும் அப்பா அதைக் கழற்றி என்னிடம் நீட்டுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு இருபத்திரண்டு சுற்று எண்ணித் திருகுவேன். கடைசிச் சுற்றில் திருகு லேசாக முரண்டு பிடிக்கும். சரியாக அந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்த விரல் என் மகளுடையதுதான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அம்மாவுக்குக்கூட அந்த அனுமதி கிடையாது. அம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் புதுப்பட்டினத்தில் இருந்தோம். பக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அங்கே ஸ்டோர்ஸில் வேலை. ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்து எழுந்தார்கள், மீதிப் பேர் சைரனைக் கேட்டு எழுந்தார்கள். கைக்கடிகாரம் கட்டியவர்கள் சொற்பம். அதில் பைத்தியமாக இருந்தவர்கள் அதைவிடச் சொற்பம். அவர்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஜாரில் பாயின் வாட்ச் கடையில் கூடுவார்கள். அவரவர் கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் வைப்பார்கள். பாய் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்மூடியைத் திறப்பார். உள்ளே எத்தனை கல் பதித்திருக்கிறது, செகண்டுக்கு எத்தனை அடி அடிக்கிறது, வாரத்துக்கு எவ்வளவு பின்தங்குகிறது என்று பேச்சு மதியம்வரை நீளும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர்கள் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்பாவுடையது சுவிஸ், பதினேழு கல். தாத்தா சாகக் கிடந்தபோது தன் கையிலிருந்து கழற்றி மூத்த மகனுக்கென்று கொடுத்தது. அதன் உள்ளே பார்த்துவிட்டுப் பாய், "இன்னா சுத்தமா ஓடுது பாரு" என்பார். அந்தப் புகழ்ச்சியை நான் எனக்கே வைத்துக்கொள்வேன்.

எனக்குப் பதினோரு வயதான கோடை விடுமுறையில் சித்தப்பா வந்தார். கப்பலில் இஞ்சின் அறையில் வேலை செய்துவிட்டு இரண்டு வருடம் கழித்து வந்திருந்தார். அம்மாவுக்கு ஜப்பான் புடவை, எனக்கு நாலு நிறத்தில் எழுதும் பேனா. அவர் கையில் தடித்த எஃகுக் கடிகாரம் ஒன்று மின்னியது.

"இதுக்குச் சாவியே வோணாம் அண்ணா. கையை ஆட்டிகினு இருந்தா போதும், தானா ஏறிக்கும்" என்றார்.

அப்பா அதை வாங்கிக் காதில் வைத்தார். குலுக்கினார். மறுபடி காதில் வைத்தார். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழலும் சத்தம் எனக்கே கேட்டது. மூன்று நாள் அப்பா வேறு எதையும் பேசவில்லை. இருபத்தொரு கல் என்றார். என்னுது செகண்டுக்கு அஞ்சு அடி, இது ஆறு, அதான் முள்ளு வழுக்கிகினு போற மாதிரி போவுது என்று அம்மாவிடம் விளக்கினார். நான் காலையில் சாவி கொடுக்க நின்றபோது ஒருநாள், "அப்பறம் பாக்கலாம்டா" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பாவின் கையைப் பார்த்தபடியே டீ குடித்தார். அந்த டீ முடியும்வரை சித்தப்பாவை நான் வெறுத்த அளவுக்கு இன்றுவரை யாரையும் வெறுத்ததில்லை. தானாகவே சாவி ஏறுகிற கடிகாரம் வீட்டுக்குள் வந்துவிட்டால் நான் எதற்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் கடையில் இரண்டு கடிகாரமும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடந்தன. எல்லோரும் ஆட்டோமேட்டிக்கின் மேல் குனிந்திருந்தார்கள். சித்தப்பா மட்டும் சுவிஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோல், "மாத்திக்கலாமா அண்ணா? நீ இத்த எடுத்துக்க. அத்த எனக்குக் குடு" என்றார்.

அப்பா மூடியை அழுத்தி மூடினார். சிரித்தார். "ஒரு வாரம் ஓட்டிப் பாக்கலாம். உன்னுது சரியா காட்டுச்சுன்னா மாத்திக்கலாம்."

"நான் தோத்துட்டா இனி இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா.

ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் பிப் சத்தத்துக்கு இரண்டையும் திருத்தி வைத்தார்கள். அடுத்த ஞாயிறுவரை யாரும் முள்ளைத் தொடக்கூடாது. இவருக்கு இருக்கிற புதுக் கடிகாரம் போதாதா, எங்களுடையதும் வேண்டுமா என்று எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

புதன்கிழமை அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். சித்தப்பா மகாபலிபுரத்துக்கு நண்பனைப் பார்க்கப் போயிருந்தார். தண்ணீர்ச் சொம்போடு போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தன் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து, குண்டூசி முனையால் உள்ளே எதையோ மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவும் ஜெயிக்கத்தான் பார்க்கிறார். திருட்டுத்தனம் செய்தாவது கடிகாரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். அப்படியென்றால் நான் சும்மா இருக்கலாமா?

என்னிடம் ஒரு காந்தம் இருந்தது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம். எங்கள் கடற்கரையில் அலை ஒதுங்கும் இடத்தில் கறுப்பு மணல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். காந்தத்தை வைத்தால் கம்பளிப்பூச்சிபோல் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். அதுதான் அந்த விடுமுறையின் விளையாட்டு. வந்த முதல் நாளே சித்தப்பா என் கையைப் பிடித்து விலக்கி, "அத்த வாட்ச்சுகிட்ட கொண்டாராத பாப்பா. உள்ள கீற ஸ்பிரிங்கு கெட்டுப்பூடும்" என்று சொல்லியிருந்தார். அவர் சொல்லிக் கொடுக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது கடிகாரம் அலமாரியில் சட்டைமேல் கிடந்தது. காந்தத்தை அதன் முகத்தில் வைத்துச் சாவி கொடுப்பதுபோலவே இருபத்திரண்டு எண்ணினேன். எடுத்துப் பார்த்தால் முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று ஏமாற்றமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் பிப் சத்தம் வந்தபோது அப்பாவின் கடிகாரம் ஆறு நிமிடம் பின்னால் இருந்தது. சித்தப்பாவுடையது இருபது நிமிடம் முன்னால். யாரோ சிரித்தார்கள். சித்தப்பா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு இனித்தது.

பாய்க்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து சின்ன திசைகாட்டி ஒன்றை எடுத்து ஆட்டோமேட்டிக்கின் பக்கத்தில் வைத்தார். ஊசி திடுக்கிட்டதுபோல் திரும்பியது.

"காந்தம் ஏறிக்கீது தம்பி. மிஷின்ல வெச்சா ஒரு நிமிஷத்துல எறங்கிடும். வாட்ச்சு மேல தப்பில்ல."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு என் கவுன் பாக்கெட்டைப் பார்த்தார். அதன் விளிம்பில் கறுப்பு மணல் அப்பியிருந்தது. அதற்குள் பாய் அப்பாவின் கடிகாரத்தைத் திறந்துவிட்டார்.

"இது எப்பவும் இவ்ளோ பின்னால போவாதே" என்று லென்ஸோடு குனிந்தவர் சற்று நேரம் நிமிரவில்லை. "அண்ணே, வேகத்தக் கூட்டிக் கொறைக்கிற இந்தச் சின்ன முள்ள யாரோ மெதுவா போற பக்கம் தள்ளி வெச்சிருக்காங்க. கடைசிவரைக்கும் தள்ளிக்கீது."

"தானா நவுந்திருக்கும்" என்றார் அப்பா.

"அது தானா நவுராது அண்ணே."

சித்தப்பா அப்பாவையே பார்த்தார்.

"எனக்கு வுட்டுக் குடுத்தியா?"

"இல்லடா. உனக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன்."

"நான் வாயத் தொறந்து கேட்டேனே. அப்பவே கழட்டிக் குடுக்க வேண்டிதானே. பந்தயம் இன்னாத்துக்கு?" சித்தப்பாவின் குரல் உயரவில்லை. "ஆறு மாசம் அப்பாவுக்குக் காலு புடிச்சுவுட்டவன் நானு. பீ மூத்திரம் அள்ளுனவன் நானு. நீ மெட்ராஸ்ல இருந்து கடைசி நாளுதான் வந்த. அவரு உன் கையில கட்டுனாரு. நான் அந்தப் பக்கம் நின்னுகினு பாத்தேன்."

அப்பா மேஜையிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். மூடிகூட இன்னும் போடவில்லை. உள்ளே சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடுவது எல்லோருக்கும் தெரிந்தது. சித்தப்பா வாங்கவில்லை.

"வோணாம். நான் தோத்துட்டேன் இல்ல?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இன்னும் பன்னிரண்டு நாள் லீவு இருந்தும் மறுநாளே அவர் கிளம்பினார். செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நானும் அப்பாவும் வழியனுப்பப் போனோம். வழி நெடுக அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சித்தப்பா அதை வாங்கப் பார்த்தும் விடவில்லை. பஸ் வந்ததும் சித்தப்பா என் கன்னத்தைத் தட்டி, "நல்லா படி பாப்பா" என்றார். அப்பாவிடம், "வரேன்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஒன்பது வருடம் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து மட்டும் ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து வரும். அதில் எல்லோரையும் விசாரித்திருப்பார்.

காந்தத்தைப் பற்றி அப்பா அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. தம்பியிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை எல்லாம் சிரிப்பாக முடிந்திருக்கும். ஒரு குழந்தையின் குறும்பு என்று இரண்டு பேரும் என்னைத் திட்டிவிட்டுக் கடிகாரத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்று புரிய எனக்கே ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திருப்பத்தில் மறைந்தது. அப்பா நகராமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வாப்பா, வூட்டுக்குப் போலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா இனி எனக்கு மட்டும்தான் என்ற நினைப்பில் என் கால்கள் தரையில் நிற்கவில்லை. நான் இழுத்த இழுப்புக்கு அவர் கை வந்தது. அவர் வரச் சற்று நேரமாயிற்று.