நாமக்கல்காரரை ரயிலேற்றிவிட்ட கதை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளமெண்டி நிலையத்திலிருந்து கிளம்பினோம், நானும் நாமக்கல்லிலிருந்து வந்திருந்த பழனியப்பனும். என் மகளும் அவர் மகனும் இங்கே ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது. பெண் வீட்டைப் பார்த்துப் பதில் சொல்வதற்காகப் பையனின் அப்பா விமானம் ஏறி வந்திருந்தார். மூன்று நாளாக என் வீட்டில் சாப்பிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "கெளம்பறதுக்குள்ள சொல்றனுங்க" என்பதோடு சரி. திங்கட்கிழமை அவருக்கு விமானம்.

ஊர் சுற்றிக்காட்டுவது என் பொறுப்பு. வண்டி அமர்த்தினால் என் பர்ஸ் தாங்காது. ரயில் என்றால் மேற்கிலிருந்து வடகிழக்கு முனைவரை ஆளுக்கு ஐந்து வெள்ளிக்குள் முடித்துவிடலாம். நாமக்கல் மாவட்டத்தைவிடச் சிறிய நாடு இது. எந்த மூலைக்குப் போனாலும் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

"மாமாவுக்கு ஒரு சிம் கார்டு வாங்கிக் குடுங்கப்பா" என்றாள் மகள். "நான்தான் கூடவே இருக்கேனே, எதுக்கு வீண் செலவு?" என்றேன். அப்படிச் சொன்ன வாயைப் பிறகு நானே அடித்துக்கொண்டேன்.

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். தேக்கா சந்தையின் உணவங்காடியில் ஆளுக்கொரு மசால் தோசை, ஒரு தே, அதாவது பால் டீ. மொத்தம் பதினோரு வெள்ளி. அவர் மனசுக்குள் அந்த டாலரை ரூபாயில் பெருக்குவது முகத்தில் தெரிந்தது. "இந்தக் காசுக்கு எங்கூர்ல பந்தியே போட்டரலாமுங்க" என்றார். அதைக் குறையாகச் சொன்னாரா, நகைச்சுவையாகச் சொன்னாரா என்று தெரியாமல் நான் இரண்டுக்கும் பொதுவாகச் சிரித்துவைத்தேன்.

பத்தேமுக்காலுக்கு மறுபடியும் லிட்டில் இந்தியா நிலையம். அங்கிருந்து பொங்கோல் போய் நீரோரமாக நடப்பது திட்டம். மாறாமல் ஒரே ரயில், இருபத்தைந்து நிமிடம். ரயில் வந்து கதவு திறந்தது.

"நீங்க ஏறுங்க" என்றேன்.

"அட, நீங்க மொதல்ல ஏறுங்க."

"அதெப்படி, நீங்க ஏறுங்க."

பெண்ணைப் பெற்றவன் முந்திக்கொண்டால் மரியாதைக் குறைவு என்று எனக்கு. வீட்டுக்காரரை விட்டுவிட்டு விருந்தாளி ஏறுவதா என்று அவருக்கு. கதவு பீப் அடிக்கத் தொடங்கியது. நான் அவர் முதுகில் கைவைத்து மெல்ல உள்ளே அனுப்பினேன். அவர் திரும்பி, "இப்ப நீங்க வாங்க" என்று பணிவாகக் கை நீட்டினார். எங்கள் இருவருக்கும் நடுவில் கதவு மூடிக்கொண்டது. இந்தத் தடத்தில் ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, தானாகவே ஓடும். கைகாட்டி நிறுத்தச் சொல்ல ஆளில்லை. இருந்தும் காட்டினேன்.

அடுத்த ரயில் நாலு நிமிடத்தில். அந்த நாலு நிமிடத்துக்குள் கல்யாணம் நின்று, மகள் என்னோடு பேச்சை நிறுத்தி, நான் முதியோர் இல்லத்தில் தனியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

ரயில் வந்ததும் யாரையும் உபசரிக்காமல் ஏறினேன். ஃபேரர் பார்க், பூன் கெங், பொத்தோங் பாசிர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது தலையை வெளியே நீட்டி வெள்ளை வேட்டியைத் தேடினேன். பக்கத்தில் இருந்த பெண் காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

செங்காங் வரும்போது மகள் அழைத்தாள்.

"அப்பா, மாமாவுக்கு போர் அடிக்குதா?"

"சேச்சே! ரயிலை விட்டு இறங்கவே மாட்டேங்கிறாரு."

"ஃபோனைக் குடுங்க, பேசுறேன்."

"சுரங்கம்மா... கேக்கல... கேக்கல..." என்று தெளிவாகக் கேட்ட குரலை வெட்டினேன்.

பொங்கோல் நடைமேடையில் அவர் இல்லை. அதற்கு அப்புறம் இன்னும் ஒரே ஒரு நிலையம், பிறகு கடல். படியேறி மேலே ஓடி, முகப்பில் இருந்த ஊழியரிடம் ஆளைக் காணவில்லை என்றேன்.

"ஃப்ரெண்டா, அங்கிள்?" என்றார் அந்த மலாய்ப் பெண்.

"ஃப்ரெண்ட் இல்ல. என் மகள் கட்டிக்க நினைக்கிற பையனோட அப்பா. இன்னும் முடிவாகல."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கவலைப்படாதீங்க லா" என்று இந்த ஊர் இழுப்போடு சொன்னார். "அந்த அங்கிள் என்ன சட்டை?"

"வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி" என்று ஆங்கிலத்தில் வேட்டியை விளக்கக் கையால் இடுப்பைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவர் என் தோளுக்குப் பின்னால் விரலை நீட்டினார். நகரும் படிக்கட்டில் முதலில் ஒரு வழுக்கைத் தலை வந்தது, அப்புறம் சட்டை, அப்புறம் வேட்டி.

"ஏனுங்க!" என்று மூச்சிரைக்க வந்தார் பழனியப்பன். "அடுத்த ஸ்டேசன்லயே எறங்கி நின்னனுங்களே! நீங்க கதவுல தலைய நீட்டி எடது பக்கமாவே பாத்துட்டுப் போறீங்க. நான் வலது பக்கம் நிக்கறன்."

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "போட்டிருப்பனுங்க. உங்க பேரு வாய்ல வரலீங்க. மூணு நாளா ஏனுங்க ஏனுங்கன்னே ஓட்டிப்போட்டன். சரி, பொங்கோலுன்னு சொன்னீங்களேன்னு அடுத்த ரயிலப் புடிச்சு உங்க பின்னாலயே வந்தன். எங்க உங்களத் தொலச்சுப்போட்டு உங்க வூட்டுக்குத் தனியாப் போகோணுமோன்னு பயந்துபோயிட்டனுங்க."

என்னைத் தொலைத்துவிட்டோம் என்று இந்த மனிதர் பயந்திருக்கிறார்! அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பன்னிரண்டு மணி வெயிலில் நீரோர நடைபாதைக்குப் போய், மரநிழலில் பெஞ்சு பிடித்து உட்கார்ந்தோம். எதிரே வரிசையாகப் புது அடுக்குமாடிகள். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார்.

"நாளைக்கு பிடோக் போலாம்னீங்களே, எத்தன மணிக்கு ரயிலுங்க?"

"இங்க மணியெல்லாம் பாக்கத் தேவையில்லங்க. நாம போனா ரயில் வரும்." கொஞ்சம் தயங்கி, "நாளைக்குத் தொலைஞ்சா கூப்பிடணுமே. என் பேரு சுந்தரமூர்த்தி. மனசுல வச்சுக்குங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"பேரெல்லாம் எதுக்குங்க? சம்பந்தின்னு கத்தறன், திரும்பிப் பாருங்க."