எங்கள் தொகுதியை எடுத்துவிட்டார்கள்

எங்கள் தொகுதி இப்போது இல்லை. மெல்பேர்னின் மேற்குப் பக்கம், புல்வெளியும் கோழிப்பண்ணையுமாகக் கிடந்த நிலத்தைச் சுற்றி எப்போதோ ஒரு கோடு கீறி, பெயர் வைத்து, மாநிலச் சட்டமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பச் சொன்னார்கள். பிறகு தொழிற்சாலைகள் வந்தன, வீடுகள் வந்தன, கடைசியில் நாங்களும் வந்தோம். ஆட்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டார்கள் என்று எழுபதுகளின் நடுவில் அதைக் கலைத்துப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கிட்டார்கள். நூலகத்தில் தேடினால் அதன் வரலாறு அரைப் பக்கம் கிடைக்கும். அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தது அதில் இல்லை.

அம்மா இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆலையில் இயந்திரம் திருத்தப் போனவர், இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அம்மாவைக் கட்டிக்கொண்டார். அதுவரை அம்மா எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை. அப்பாவின் பெயரில் மனு எழுதி எழுதி, கடைசியில் அம்மாவுக்கும் ஒரு பிரஜாவுரிமைக் காகிதம் கிடைத்தது. அது கைக்கு வந்த கையோடு புறப்பட்டு வந்துவிட்டோம்.

அந்தக் காலத்தில் எங்களைப் போலப் பிரிட்டிஷ் பொதுநலவாய நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஆறு மாதம் இருந்தாலே வாக்காளர் பட்டியலில் பெயர் பதியலாம். பதிந்துவிட்டால் போடாமல் இருக்க முடியாது. "ஓட்டுப் போடலைன்னா தண்டமா?" என்று அம்மா அப்பாவிடம் நாலு தரம் கேட்டுச் சிரித்தார். சாவடி என் பள்ளிக்கூடத்தில், என் வகுப்பறையிலேயே இருந்தது. அம்மா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரப் பெண்கள் தலைமுடியில் சுருள் உருளைகளைச் சொருகியபடியே வந்து போட்டுவிட்டுப் போன இடத்தில் அந்தச் சரிகை எனக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது. யாரோ வீட்டுப் பிள்ளை போல நான் ஊஞ்சல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலை. எனக்குப் பத்து வயது, அந்த உத்தியோகத்தில் தலைக்கனமும் உண்டு. ஒரு நாள் பள்ளி விட்டு வந்ததும் அம்மா அரசாங்க உறை ஒன்றை நீட்டினார். வாசலில் தோழி பந்தோடு காத்து நின்றாள். நான் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்தேன்.

"நம்ம தொகுதிய எடுத்துட்டாங்களாம்மா."

"எடுத்துட்டாங்கன்னா? நம்ம பேரு?"

"அதுவும் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இருட்டும் நேரம் திரும்பி வந்தபோது அடுப்புப் பற்றவைக்கப்படவில்லை. கட்டிலில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா தன் காகிதங்களையெல்லாம் பரப்பி, ஒவ்வொன்றையும் கையால் தடவிக்கொண்டிருந்தார். வேலையால் வந்த அப்பா கடிதத்தை வாங்கி வாசித்தார். "இது எல்லைக் கோடு மாத்துறது. பேரெல்லாம் அப்பிடியே இருக்கும். நீர் வந்து சாப்பிடும்" என்றார். அம்மா நம்பவில்லை. அப்பாவின் பெயரை எந்த நாட்டிலும் யாரும் வெட்டியதில்லை. அவர் எதையும் சுலபமாக நம்புவார்.

மறுநாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அதே கல்யாணச் சேலை, கையில் காகிதப் பை, பக்கத்தில் மொழிபெயர்க்க நான். இரண்டு பஸ் மாறித் தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். நல்ல மனுஷி. சுவரில் இருந்த வரைபடத்தில் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் காட்டினார். ஆட்கள் கூடிவிட்டதால் பிரித்திருக்கிறோம், எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்றார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"பேரக் காட்டச் சொல்லு."

அந்தப் பெண் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கம் புரட்டி, எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராவிட்டாலும் தன் பெயரின் எழுத்துகள் தெரியும். விரலை அதன் மேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. பின்னால் வரிசை சேர்ந்தது, யாரோ செருமினார்கள்.

"இனிமே எந்தக் காலத்திலயும் இந்தப் பேர வெட்ட மாட்டீங்களான்னு கேளு. எழுதித் தருவாங்களான்னும் கேளு."

எனக்கு அந்த ஆங்கிலம் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்களா என்று காது சுட்டது. "அம்மா நன்றி சொல்லச் சொன்னார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்து முகம் நிறையச் சிரித்து, "நோ வொரீஸ்" என்றார்.

"என்ன சொல்றாங்க?"

"வெட்டவே மாட்டாங்களாம். எழுத வேணாம், சொன்னாப் போதுமாம்."

அம்மா விரலை எடுத்தார். அந்தப் பெண்ணின் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரும் ஒன்றும் புரியாமல் கண் கலங்கினார். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான், ஒரு தேர்தல் காலையில் சேலை மடித்துக்கொண்டே அம்மா சொன்னார். நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். கூடவே ஓட்டும் போனது. தாத்தாவுக்கு அது விளங்கவில்லை. வெளுத்த வேட்டி கட்டி, பத்து வயது அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு சாவடிக்குப் போயிருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். பழைய தேர்தலில் போட்டவன் நான், இன்னொரு தரம் பாருங்கள் என்று அவர் பகல் முழுக்க அங்கேயே நின்றாராம். "இந்த ஊர்ல அந்தப் பயம் இல்ல. அந்த ஆபீஸ் அம்மா அன்னைக்கே வாய்விட்டுச் சொல்லிட்டாங்களே" என்றார் அம்மா. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சேலையின் சரிகை நூல் பிரிந்திருப்பதைப் பார்த்து, அதைப் பற்றிப் பேசினேன்.

போன வருடம் அம்மா இறந்தார். செய்ய வேண்டிய காகித வேலைகளில் ஒன்று, அவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லும் படிவம். வெட்டவே மாட்டார்கள் என்று சொன்ன நானே அதில் கையெழுத்துப் போட்டேன். வெட்கமின்றி அழுதேன்.

அன்று தேர்தல் அலுவலகத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் அம்மா எனக்கு ஜன்னலோர இருக்கையைத் தந்து, வீடு வரும்வரை என் கையை விடவே இல்லை. காகிதப் பையைக்கூட என்னிடம்தான் கொடுத்து வைத்தார். மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கு அனுப்பிவிடுவாரோ என்ற கவலையில் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.