மெஷின் சூடாகும் வரை

கடைத்தெருவில் எல்லாருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. நாற்பத்திரண்டு வயது. படம் வரைய ஆசை. ஆனால் வரைந்ததை யாராவது பார்த்துவிட்டால் உயிர் போய்விடும். கல்யாணமான புதிதில் அவள் வரைந்த பசுவைப் பார்த்து, "ஸ்டூலுக்கு யாரு அண்ணி கொம்பு வச்சது?" என்று நாத்தனார் கேட்டதிலிருந்து அப்படி.

காலையில் மெஷின் சூடாக ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடத்தில், முந்தின நாள் மெஷின் வெறுமையாகத் துப்பிய தாள் ஒன்றில் எதையாவது வரைவாள். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் தினம் ஒன்று. வரைந்ததை ரஃப் தாள் கட்டின் அடியில் ஒளித்து, மறுநாள் கிழித்துவிடுவாள். ஆரம்பத்தில் அவள் வரைந்த ஸ்டேப்ளர் முதலையாட்டம் இருந்தது. இரண்டு வருடத்தில் ஸ்டேப்ளராகவே ஆகிவிட்டது. இருந்தும் மாலை நேர ஓவிய வகுப்புக்கான விண்ணப்பம் மேசை டிராயரிலேயே கிடந்தது. சொந்தமாக வரைந்த படம் ஒன்றை இணைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. இன்றுதான் கடைசி நாள்.

காலையில் முதல் ஆளாக வந்து மெஷினுக்காகக் காத்திருந்தவர் வக்கீல் குமாஸ்தா. அவரையே வரைந்து, வழக்கம்போல் கட்டின் அடியில் ஒளித்தாள். பிறகு அவருடைய மனுவுக்கு ரஃப் காப்பி எடுக்கும் அவசரத்தில் அந்தத் தாள் கட்டை மெஷினில் தலைகீழாக ஏற்றிவிட்டாள்.

மதியம் அவர் தாளோடு திரும்பி வந்தார்.

"ஏம்மா, பின்பக்கம் இருக்கறது நான்தானே?"

"மன்னிச்சிடுங்க சார், கவனிக்கலை. வேற காப்பி தரேன்."

"அது கிடக்கட்டும். என் மூக்கு இவ்ளோ பெருசா?"

'எனக்கு வரைய வராது சார்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கண் தானாகப் படத்துக்கும் அவர் முகத்துக்கும் போய் வந்தது.

"மூக்கு சரிதான் சார். காதுதான் கொஞ்சம் மேல போயிடுச்சு."

உள்ளேயிருந்த முதலாளிக்குத் தேநீர் புரையேறியது. குமாஸ்தா மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"வீட்லயும் இதையேதான் சொல்றாங்க. சரி, நான் எடுத்துட்டுப் போறேன், ஃப்ரேம் போடலாம்."

"உங்களுக்கு ஜெராக்ஸ் தரேன் சார். ஒரிஜினல் எனக்கு வேணும்."

"என் மூஞ்சி உனக்கெதுக்கு?"

"ஓவிய வகுப்புக்கு விண்ணப்பத்தோட வைக்கணும்."

"பின்னாடி வேலித் தகராறு மனு இருக்கேம்மா."

"தாள் ஒட்டி மறைச்சுடறேன்."

சூடு ஆறாத நகலை அவர் கையில் கொடுத்தாள். மனுவின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, விண்ணப்பத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தாள். பிறகு முதலாளியிடம் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.