அண்ணிக்கு எந்த மருந்து?

ஹோமியோபதி டாக்டருக்கு வீட்டில் ‘சர்க்கரை’ என்று பெயர். வைத்தது அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில் கொழுந்தனின் மருந்துக் குப்பியைக் கவிழ்த்து, ஒரு கை சர்க்கரை உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்டவர் அவர். அன்றைக்கு ஒட்டிய பெயர் முடி நரைத்த பிறகும் போகவில்லை.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே பாதி ஊரை ஓட்டுநர்களாக்கியவர். அவர் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது என்று அண்ணன் சொல்வார், அவர் பக்கத்தில் இல்லாதபோது.

டாக்டரின் கிளினிக் ஒரு போட்டோ கடைக்கு மேலே, ஒற்றை அறை. இருமலோடு படியேறி வருகிறவரிடம், வெயில் பிடிக்குமா மழை பிடிக்குமா, கனவில் யார் வந்தார்கள் என்று விசாரிப்பார். ஆளைத் தெரிந்துகொண்டால்தான் மருந்து தெரியும் என்பது அவர் கட்சி. இருமல்காரருக்கு அதற்குள் பாதி குணமாகியிருக்கும்.

அந்தப் படியில்தான் ஒரு பிற்பகல் அண்ணி ஏறி வந்தார். பின்னாலேயே ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி அண்ணன். கணையத்தில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் சின்னது, இன்னும் பரவவில்லை, சீக்கிரம் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

“கத்தி வேண்டாம் தம்பி. உன் உருண்டையே குடு” என்றார் அண்ணி.

டாக்டருக்குக் கவலையாக இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமான ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷக் கேலிக்குப் பிறகு அண்ணி நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தலையணைக் கனத்தில் இருந்த மருந்துப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார்.

கோபம் வருமா என்று ஆரம்பித்தார். வரவே வராது என்றார் அண்ணி. அண்ணன் கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வையையும் டாக்டர் குறித்துக்கொண்டார். அழுகை வருமா என்றதற்கும் இல்லை என்றார். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே அழுகிறாள் என்று அண்ணன் மெல்லச் சொன்னார். யார் கேட்டது உங்களை என்று அண்ணி ஒரு அதட்டுப் போட்டார். கோபத்துக்கு நக்ஸ் வாமிகா, மறைத்து அழுவதற்கு இக்னேஷியா, அதட்டலுக்கு லைகோபோடியம். மருந்துகள் கியூவில் நின்றன.

மாற்றி மாற்றிப் பக்கம் புரட்டினார். ஒரு குப்பியை எடுப்பார், வைப்பார். இன்னொன்றை எடுப்பார். மூடியைத் திறக்கும்போது குப்பி கவிழ்ந்து உருண்டைகள் மேஜையெல்லாம் ஓடின. பொறுக்கக் குனிந்தவர் நிமிர்ந்தபோது அண்ணியின் கண்ணைப் பார்த்தார். வெள்ளையில் மஞ்சள் படர்ந்திருந்தது. புத்தகத்தை மூடிவிட்டார்.

“அண்ணி, இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல.”

“நம்பி வந்த அன்னிக்குத்தான் இல்லங்கறியா? உனக்கே நம்பிக்கை இல்லையா?”

“தானா போற சளிக்கு தைரியமா எடுத்துக் குடுப்பேன். உங்கள வச்சு சோதிச்சுப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல.”

மேஜையில் மீதிக் கிடந்த உருண்டைகளை அண்ணி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பியில் போட்டார். கடைசியில், “பயமா இருக்குடா” என்றார்.

“எனக்கும்தான். நானும் கூட வர்றேன்.”

சொன்னபடி கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு போனார். அறுவை மருத்துவரிடம் எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள், பிறகு சாப்பாடு எப்படி என்று கேட்டவர், பழக்கதோஷத்தில், உங்களுக்கு ராத்திரி நல்ல தூக்கம் வருமா என்றும் கேட்டு வைத்தார். அந்த டாக்டரம்மா சிரிக்காமல், ஆபரேஷனுக்கு முந்தின நாள் கட்டாயம் தூங்குவேன் என்றார். ஸ்கேன் எடுத்த நாளுக்குப் பிறகு அண்ணி முதல்முறையாகச் சிரித்தார்.

ஆபரேஷன் நாளெல்லாம் நடந்தது. வெளியே பெஞ்சில், தம்பியின் சட்டைப் பையில் இருந்த குப்பியை எடுத்து அண்ணன் ஒவ்வொன்றாகக் கொறித்துத் தீர்த்தார். எதற்கான மருந்து என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது. பிறகு கீமோ. அண்ணி பாதி ஆளானார். சாப்பாடு செரிக்க ஒவ்வொரு வேளையும் கேப்ஸ்யூல், விட்டு விட்டு ஸ்கேன். இனி வரவே வராது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இதுவரை வரவில்லை.

மறுபடி காரில் ஏறியபோது, சத்தம் போட்டால் தையல் போட்ட இடம் இழுத்தது. அதனால் மாணவர்களிடம் மெதுவாக, மரியாதையாகப் பேசினார். முன்பு அவரிடம் திட்டு வாங்கிப் பழகிய ஒரு வங்கிக்காரர் மிரண்டுபோய், டீச்சருக்கு நம்மேல் நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது என்று டாக்டரிடமே வந்து புலம்பினார். அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் முடிந்தது.

சில வாரம் கழித்து டாக்டர் ஒரு மூட்டுவலிக்காரரின் கனவைக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே சாலையில் பிரேக் கிறீச்சிட்டது. தொடர்ந்து, ஹாரனையெல்லாம் அமுக்கிக்கொண்டு அண்ணியின் குரல் மாடிவரை ஏறி வந்தது. அந்த வங்கிக்காரருக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, அது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.