டாக்டர் வருவதற்கு முன்

அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். டிக்கோயாவில் நான் இங்கிலீஷ் டீச்சர். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து நடந்து வருகிறவர்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினேன்.

நடந்து முடிந்த காரியம் இரண்டு என்றால், முதலில் நடந்ததற்கு 'ஹேட்' (had) சேர்க்க வேண்டும், பின்னால் நடந்ததற்கு வெறும் இறந்தகாலம் போதும் என்றேன். உதாரணத்துக்கு, எல்லா இலக்கணப் புத்தகத்திலும் இருக்கிற அந்தப் பாழாய்ப்போன வாக்கியத்தையே கரும்பலகையில் எழுதினேன்: டாக்டர் வருவதற்கு முன் நோயாளி இறந்துபோயிருந்தார்.

திரும்பினால், ஒரு பிள்ளையும் அதை எழுதிக்கொள்ளவில்லை. தோட்டத்து டாக்டர் ஐயா எங்கள் லயத்துக்கு எப்போது வந்து சேர்ந்தார் என்பது அங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா கடைசி வாரம்வரை அவர்களுடைய அம்மாமாரோடு கொழுந்துக்குப் போனவள்.

நான் அதை அழிக்கவில்லை. "இதே டாக்டரையும் நோயாளியையும் வச்சு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க" என்றேன்.

முன்பெஞ்சுப் பிள்ளை எழுந்து, கரும்பலகையைப் பார்க்காமல், இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: டாக்டர் வந்தபோது நோயாளி கொழுந்து எடுக்கப் போயிருந்தார்.

அடுத்து எழுந்தவனின் நோயாளியும் கொழுந்துக்குப் போயிருந்தார். அதற்கடுத்தவளின் நோயாளியும் அப்படித்தான். கடைசி பெஞ்சுவரை ஒருவருடைய நோயாளியும் சாகவில்லை.

எல்லாருக்கும் 'ஹேட்' சரியான இடத்தில் இருந்தது. "ரைட், உக்காரு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.