இரட்டை டர்போவைக் கழற்றிய கோடை

அந்தக் கோடையில் என் மாமா ஓரிடத்தில் உட்காரவே இல்லை. சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் ஏந்தி, ஷெட் வாசலில் நடந்தபடியே சாப்பிட்டார். ஷெட் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டி, சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆட்டோக்களும் மினி வேன்களும் வந்துபோகும் அந்த இடத்தில் மூன்று வாரமாக ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே கதவு. உயரம் என் தோளளவு. எனக்கு வயது பத்து.

கார் ஒரு பட்டுக்கடை முதலாளியின் மகனுடையது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ அதில் இரண்டு. குறைந்த வேகத்தில் ஒன்று மட்டும் சுழலும். வேகம் ஏறியதும் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். எப்போது சேர வேண்டும் என்று சொல்லும் ரப்பர் குழாய்கள் வயதாகி வெடித்திருந்தன. சென்னையில் இரண்டு ஒர்க்‌ஷாப்கள் கைவிரித்துவிட்டன. மாமா இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

"கோர்வைப் பொடவை நெய்யறப்ப ரெண்டு பேரு ஒக்கார்றாங்க இல்ல? ஒருத்தன் கொஞ்சம் லேட்டானாலும் கரை கெட்டுப்பூடும். இதுவும் அதான் பாப்பா" என்றார் என்னிடம். "இனிமே ஒரே ஆளு. ஆனா பெரிய ஆளு."

அவருக்கு அப்போது மஸ்கட்டில் லாரி மெக்கானிக் வேலை கிடைத்து, விசாவும் வந்திருந்தது. ஏஜெண்ட் தினமும் போன் செய்தார். மாமாவின் பதில் மாறவில்லை: "இந்த வண்டிய முடிச்சிட்டுக் கெளம்பறேண்ணா."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி முடிந்தால் போவார். முடியாவிட்டால் போகமாட்டார். இதில் எங்கும் ஓட்டை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலாளியின் மகன் மாலைதோறும் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்.

"ஞாயித்துக்கெழம ஈசிஆர்ல நம்ம பசங்க கார் மீட்டு. இதுலதான் போவணும். ஓடவெச்சிக் காட்டு தல, ஒரகடத்துல நம்ம எடம் சும்மாதான் கெடக்குது. ஷெட்டு போட்டுத் தரேன். இந்த மாதிரி வண்டிங்க மட்டும் பாரு. மஸ்கட்டுக்குப் போயி லாரிக்கு அடியில படுத்துக்கினு இருக்கப்போறியா?"

மாமா துடைத்த ஸ்பானரையே மறுபடியும் துடைத்தார். இதையும் நான் கேட்டேன். ஆனால் ஒரகடம் என்பது எனக்குப் பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர், அவ்வளவுதான். மஸ்கட் என்றால் விமானம்.

வியாழக்கிழமை புது டர்போ வந்தது. பெட்டிக்குள் தனி உறையில் ஒரு சின்ன போல்ட். அதன் நடுவே குண்டூசி மட்டும் நுழையக்கூடிய துளை. "எல்லாத்துலயும் இதான் முக்கியம்" என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது வழியாதான் டர்போவுக்கு எண்ணெய் போவுது. கம்மியா போனா வெந்துடும். ஜாஸ்தி போனா பொகையும்."

எதை எடுக்க வேண்டும் என்று அவரே சொல்லித் தந்தது போலாயிற்று.

வேண்டுதல் வைத்தால் ஏதாவது போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை காலை தெருமுனைப் பிள்ளையாரிடம், மாமா போகக்கூடாது என்று சொல்லிவிட்டு போல்ட்டை உண்டியலில் போட்டேன். உண்டியலை இனி ஆடி மாதம்தான் திறப்பார்கள் என்பது உள்ளே அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை ஷெட்டே தலைகீழானது. மாமா காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண் தரையெங்கும் இழுத்தார். அம்மா மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து மண்ணைச் சலித்தார். நானும் தேடினேன், மற்ற இருவரையும்விட மும்முரமாக.

"பாக்கெட்லியே வெச்சிக்கினு தேடுவ. நல்லா பாருடா" என்றார் அம்மா.

"எல்லாத்தையும் ஒதறிட்டேங்கா. தோல் ஒண்ணுதான் பாக்கி."

வேறு போல்ட் வர ஒரு வாரமாகும். மாமா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, தறிகளின் ஜக்கார்டு பெட்டிக்கு உதிரி பாகம் கடையும் லேத் பாயிடம் போனார்.

"போல்ட்டு ஆயிடும் தம்பி. தொளதான் கஷ்டம்" என்றார் பாய். "ஜக்கார்டு ஊசிக்குத் தொள போடற பிட்டுதான் என்கிட்ட இருக்கறதுலியே சின்னது. ரெண்டு மில்லி."

"ஒரு மில்லி வேணும் பாய்."

"அப்ப திங்கக்கெழம வா. மெட்ராஸ்லருந்து பிட்டு எடுத்தாந்து தரேன்."

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே போய் ஸ்கூட்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திரும்பி வந்து, "ரெண்டே போடு பாய்" என்றார்.

"பொகைஞ்சா என்ன வந்து கேக்காத."

ஞாயிறு காலை அம்மா சூடம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். எஞ்சின் முதல் சாவியிலேயே எழுந்தது. மாமாவின் முகத்தில் மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒரு அசைவில்லாத அமைதி. முதலாளியின் மகன் காரை எடுத்துக்கொண்டு ரயில்வே ரோடு பக்கம் போனார்.

பத்து நிமிடத்தில் திரும்பினார். கார் தெரியும் முன்பே நீலப்புகை தெரிந்தது. சாயப்பட்டறைக்காரர்கள் காயப்போட்டிருந்த பட்டு நூலை அவசரமாக உள்ளே எடுத்தார்கள்.

"இன்னா தல, கொசு மருந்து அடிக்கிற வண்டி பண்ணிட்ட?"

தெரு சிரித்தது. மாமா, "தொள பெருசு, அவ்ளோதான். ஒரு வாரம் குடுங்க, சரியாயிடும்" என்றார்.

"மீட்டு இன்னிக்கு" என்றார் முதலாளியின் மகன். ஒரகடத்து ஷெட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிற்பகலில் ஒரு லாரி வந்து, காரைக் கட்டி ஏற்றிக்கொண்டு பெங்களூரில் ஏதோ ஒர்க்‌ஷாப்புக்குப் போனது.

வண்டி முடியவில்லை. இனி முடியவும் போவதில்லை. அன்று நான் நான்கு தோசை சாப்பிட்டேன். பிள்ளையார் இவ்வளவு வேகமாக வேலை செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை மாமா தானாகவே ஏஜெண்டுக்குப் போன் செய்தார். புதன்கிழமை பெட்டியைத் திறந்து வைத்துத் துணி அடுக்கினார். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு மாமா போற? வண்டிதான் முடியலையே."

அவர் சிரித்தார். "வண்டி முடியலன்னா போவமாட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த சட்டையை மடிக்காமல், என்னையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாடா?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா."

அதற்குப் பிறகும் அவர் அந்தச் சட்டையை மடிக்கவில்லை. பெட்டியில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என் பள்ளிக்கூடப் பையைத் தரட்டுமா என்று கேட்டேன்.